ஆயுத பூஜைக்குத் துடைத்த மெயில் பெட்டி

போன மாதம் கவிதா போன் செய்தாள். நான் ரிட்டயர் ஆன பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள். எடுத்ததுமே, "இன்னா மேடம் இது? உங்க மெயில் பெட்டியில ஆயிரக்கணக்குல கெடக்குது. ஒண்ணுகூட அழிக்கலியா நீங்க? ஐடி ஆளுங்க என்னைப் புடிச்சிக் கத்திக்கினு இருக்கறாங்க" என்றாள்.

"கத்தட்டும். நீ அழிக்காத" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

வைத்தது தப்புதான். அந்தப் பெண் என்ன பாவம் செய்தாள்? காரணத்தைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அதைப் போனில் சொல்ல என்னால் ஆகாது. ஆரம்பித்தால் எழுந்து நடப்பேன், அடுப்படிக்குப் போவேன், வருவேன், பாதியில் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். இந்த அளவு எழுதுவதற்குள் இரண்டு தடவை எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். தாகமெல்லாம் இல்லை.

பொன்னேரியில் டைப்பிங் ஹையர் பாஸ் செய்துவிட்டு, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு ஃபோர்ஜிங் கம்பெனியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். இரும்பைப் பழுக்கக் காய்ச்சி அடித்து, கிரேனில் மாட்டும் கொக்கிகள் செய்கிற கம்பெனி. நாங்கள் ஹூக் என்போம். டைப்ரைட்டர் போய் டெலக்ஸ் வந்தது, டெலக்ஸ் போய் ஃபேக்ஸ் வந்தது, எல்லாவற்றுக்கும் நான்தான். கம்ப்யூட்டர் வந்தபோதும், "செல்விக்குத்தான் கை ஓடும்" என்று என் மேசையில் கொண்டுவந்து வைத்தார்கள். முதலில் மெயிலெல்லாம் அந்த ஒரு மிஷினுக்குள்தான் வந்து விழும். ஆபீஸைப் பூட்டினால் மெயிலையும் பூட்டின மாதிரி. நிம்மதியாக ரயிலேறி வீட்டுக்குப் போவேன்.

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் தலைமை அலுவலகத்தில் அதை மாற்றினார்கள். இனிமேல் மெயில் நம் மிஷினில் இருக்காது, பிரவுசரில் அட்ரஸ் போட்டு, பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தால் எங்கிருந்து வேண்டுமானாலும் திறக்கலாம் என்றார்கள். எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் அன்று பிடித்தது சனி. எங்கிருந்து வேண்டுமானாலும் திறக்கலாம் என்றால், எந்நேரமும் திறந்து பார்க்காமல் இருக்க முடியாது என்றுதானே அர்த்தம்? ஞாயிற்றுக்கிழமை மீன் கழுவிக்கொண்டிருப்பேன், ஏதாவது வந்திருக்குமோ என்று மனசு அரிக்கும். கையைத் துடைத்துக்கொண்டு பஜாரில் காதர் பாய் வைத்திருந்த பிரவுசிங் சென்டருக்குப் போய் அரை மணி உட்கார்ந்துவிட்டு வருவேன். ஒன்றும் வந்திருக்காது. வரும் வழியில் மறுபடி அரிக்கும்.

எங்கள் மேனேஜர் ஆரோக்கியசாமி சார் நேர் எதிர். மவுஸை அவர் தொட்டு நான் பார்த்ததே இல்லை. மெயில் வந்தால் நான் பிரிண்ட் எடுத்து அவர் மேசையில் வைக்க வேண்டும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, தாளை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் படிப்பார். படித்த நேரத்தைத் தாளின் மூலையில் எழுதிக் கையெழுத்துப் போடுவார். பதிலை அதே தாளின் பின்பக்கம் பேனாவால் எழுதுவார், நான் அதை டைப் செய்து அனுப்புவேன். அனுப்பியதையும் பிரிண்ட் எடுத்து இரண்டையும் சேர்த்து ஃபைலில் குத்த வேண்டும். "ஸ்கிரீன்ல இருக்கறது கண்ணுக்குத்தாம்மா. ஃபைல்ல இருக்கறதுதான் கம்பெனிக்கு" என்பார். கத்த மாட்டார். தப்புச் செய்தவன் எதிரில் நின்றால் எழுதிக்கொண்டே இருப்பார், அவன் நின்றுகொண்டே இருக்க வேண்டும். அப்படி நிற்பதற்குத் திட்டு வாங்குவது எவ்வளவோ மேல்.

ஹூக் விஷயத்தில் அவர் போட்ட சட்டம் ஒன்று உண்டு. ஒரு தடவையில் அடித்து இறக்கும் சரக்கு ஒரு லாட். ஒவ்வொரு லாட்டிலிருந்தும் இரண்டு சாம்பிளைக் காக்களூரில் இருந்த ஒரு டெஸ்டிங் லேபுக்கு அனுப்புவோம். அவர்கள் உடைத்துப் பார்த்து ரிப்போர்ட்டை மெயிலில் அனுப்புவார்கள். ரிப்போர்ட் வந்து, சார் கையெழுத்துப் போட்ட பிறகுதான் சரக்கு கேட்டைத் தாண்டும். காரணம் இருக்கிறது. சூடு போட்டு எண்ணெயில் முக்கிப் பதம் ஏற்றும்போது பதம் தப்பினால், ஹூக் பார்க்க அழகாகத்தான் இருக்கும். சுமை ஏறினால் வளையாது, நீளாது, பட்டென்று ஒடியும். கீழே நிற்பவனுக்கு விலகக்கூட நேரம் இருக்காது.

மெயில் மாறிய வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சட்டம் கொஞ்சம் வளைந்தது. வள்ளூர் பக்கம் ஒரு கட்டட வேலை நடக்கும் சைட்டுக்கு இரண்டு லாட் போக வேண்டும், நம்பர் பதினெட்டும் பத்தொன்பதும். அடுத்த நாள் லீவு, அதற்கடுத்த நாள் விஜயதசமி. விஜயதசமி காலை ஏழு மணிக்குப் புது ஹூக்கை மாட்டி முதல் சுமையைத் தூக்குவதாக அங்கே நாள் பார்த்துவிட்டார்கள். லாரி வந்து நின்றுகொண்டு ஹாரன் அடிக்கிறது. ரிப்போர்ட் வரவில்லை. சார் சைட் ஸ்டோர்கீப்பரோடு போனில் பேசினார். "சரக்கை அனுப்பறேன், மாட்டாதீங்க. ரிப்போர்ட்ல கோளாறுன்னா உடனே போன் பண்ணிச் சொல்றேன். நான் எதுவும் சொல்லலைன்னா மாட்டிக்கலாம்" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். இரண்டரை மணிக்கு லாரி போய்விட்டது.

அதற்குள் கம்பெனி முழுக்கப் பூஜைக்குக் கழுவல் வேலை. ஹேமர் மிஷினை மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கிறார்கள், தரையைத் தேய்க்கிறார்கள், பீரோ மேலிருந்து எட்டுக்கால் பூச்சி ஓடுகிறது. சார் கிறிஸ்தவர், ஆனால் பூஜைச் சுத்தத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஒவ்வொரு மேசையாக வந்து, "அவங்கவங்க ஆயுதத்தை அவங்கவங்க சுத்தம் பண்ணணும்" என்றார்.

என் ஆயுதம் என்ன? மானிட்டரைத் துடைத்தேன், கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினேன், மிக்சர் கொட்டியது. அப்போதுதான் அந்தப் புத்தி வந்தது. மெயில் பெட்டி நிரம்பி வழிகிறது என்று பல நாளாகச் சிவப்புக் கோடு காட்டிக்கொண்டிருந்தது. எல்லாம்தான் ஃபைலில் குத்தியிருக்கிறதே, அதையும் துடைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஒரு பக்கத்துக்கு ஐம்பது மெயில். தலையில் ஒரு கட்டம் இருக்கும், அதில் டிக் போட்டால் ஐம்பதும் தேர்வாகிவிடும், பிறகு டெலிட். கடைசிப் பக்கத்திலிருந்து முன்னால் வந்தேன். முதல் பக்கத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தேன், எல்லாமே பிரிண்ட் ஆனவை. அந்த நேரம் பார்த்து, "செல்விம்மா, சந்தனம் எங்க வெச்சிக்கிறே?" என்று வாசலிலிருந்து குரல். எழுந்து போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். வந்து இன்பாக்ஸை இன்னொரு தரம் அழுத்தினேன், கட்டத்தில் டிக் போட்டேன், டெலிட். குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். மொத்தமும் பளிச்.

அந்தப் பக்கம் மறைகிற நொடியில் உச்சியில் ஒரு வரி தடித்த எழுத்தில் இருந்த மாதிரி பட்டது. தடித்த எழுத்து என்றால் படிக்காத மெயில். இருந்ததா, இல்லையா? விளம்பரமாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கம்ப்யூட்டரை அணைத்துச் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போட்டுவிட்டார்கள். பூஜையில் வைத்ததை விஜயதசமி காலை ஒன்பது மணிக்குத்தான் எடுப்போம். அதற்கு முன்னால் எவரும் தொடக் கூடாது. பூசணிக்காய் உடைத்தார்கள், பொரி கடலை கொடுத்தார்கள், நானும் வாங்கிக்கொண்டு ரயிலேறினேன். ரயிலில் பொரிப் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை.

மறுநாள் காலை வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. "இன்னாடி, குட்டி போட்ட பூனையாட்டம் சுத்திக்கினே கீற? நாஷ்டா உண்டா இல்லியா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். இட்லியை அவர் தட்டில் போட்டுவிட்டுச் செருப்பை மாட்டினேன்.

பஜாரில் கடைகளெல்லாம் வாழைக்கன்று கட்டிச் சாத்தியிருந்தன. காதர் பாய் கடை மட்டும் திறந்திருந்தது. பழவேற்காட்டுக்காரர், கேலி இல்லாமல் அவருக்குப் பேச்சு வராது.

"இன்னாம்மா, இன்னிக்கி நீங்க மிஷினைத் தொட்டா சாமி கண்ணைக் குத்தாதா?"

"மிஷின் உங்குளுதுதான பாய். குத்தினா உங்களைக் குத்தட்டும்."

சிரித்துக்கொண்டே மூலை சீட்டைக் காட்டினார். மெயிலைத் திறந்தேன். இன்பாக்ஸ் காலி. குப்பைத் தொட்டி காலி. நான் துடைத்த துடைப்பு அப்படி. நல்லவேளை, அனுப்பிய மெயில்கள் தனிப் பெட்டியில் இருந்தன, அதைத் துடைக்க மறந்திருந்தேன். லேபுக்கு நான் எழுதிய மெயில் ஒன்றின் அடியில் அங்கே டெஸ்ட் செய்யும் சுகுமாரின் செல் நம்பர் இருந்தது. சுகுமாரை நான் நேரில் பார்த்ததில்லை. போனில் அக்கா, அக்கா என்பான். கூப்பிட்டேன். பள்ளிப்பட்டில் மாமியார் வீட்டுக்குப் பூஜைக்குப் போயிருந்தான்.

"இன்னாக்கா இப்டி கேக்கறீங்க? நேத்தே அனுப்பிட்டேனே. மூணரை மணி இருக்கும்."

"ரிசல்ட் இன்னாப்பா?"

"ஒண்ணு பாஸு, ஒண்ணு ஃபெயிலுக்கா. ஃபெயிலானது அப்டியே கண்ணாடியாட்டம் ஒடிஞ்சிது."

"எது? பதினெட்டா, பத்தொம்போதா?"

"அய்யே, அது ஞாபகம் இல்லியேக்கா. ஒரு நாளைக்கி எத்தினி ஒடிக்கறேன்! லேபும் பூட்டிக்கிது, மிஷினும் பூஜைல கீது. இந்த ஊர்ல நெட்டு கடையும் இன்னிக்கி சாத்திட்டாங்க." கொஞ்சம் யோசித்தான். "ஒண்ணு பண்ணுங்க. என் மெயிலை நீங்களே தொறந்து பாருங்க. பாஸ்வேர்டு சொல்றேன், எழுதிக்கறீங்களா?"

அவ்வளவுதான். ஒரு பேச்சுக்குக்கூடத் தயங்கவில்லை. மகள் பெயரையும் வண்டி நம்பரையும் சேர்த்து வைத்திருந்தான். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னான், நான் உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். திறந்தேன். அனுப்பிய மெயில்களில் முதல் வரியே அதுதான். நேற்று, மூன்று முப்பத்திரண்டு. நான் சந்தனம் எடுத்துக் கொடுத்த நேரம்.

ஃபெயிலானது பத்தொன்பது.

சாருக்குப் போன் போட்டேன். என் குரலில் எதுவோ இருந்திருக்க வேண்டும். "மொதல்ல பிரிண்ட் எடு. கையில வெச்சிக்கினு நிதானமா படி" என்றார். பாயிடம் பிரிண்ட் வாங்கி, எண்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். மறுமுனையில் அவர் எழுதும் சத்தம் கேட்டது. "சரி. இப்பவே ஸ்டோர்கீப்பருக்குப் போன் பண்றேன். நானே நேர்ல போயி பத்தொம்போதைத் தனியா எடுத்து செவப்புப் பெயின்ட் அடிச்சிட்டுத்தான் வருவேன். நாளைக்கி ஆபீஸ்ல இதையே பிரிண்ட் எடுத்து என் மேசையில வை" என்றார். வைக்கப் போகிறார் என்று நினைத்தேன். "செல்வி, இது எப்ப வந்துச்சு?"

"இப்பத்தான் சார்."

யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொன்னது. சொன்ன பிறகு திருத்தியிருக்கலாம், ஒரு நொடி இருந்தது. "சரி" என்று அவர் வைத்துவிட்டார்.

பொய் சொல்லியாகிவிட்டது, இனி அது நிற்க வேண்டுமே? நான் இருந்தது சுகுமாரின் மெயிலுக்குள். அங்கிருந்து ரிப்போர்ட்டை எங்கள் ஆபீசுக்கு ஃபார்வர்ட் செய்தால் அவனே இன்று அனுப்பிய மாதிரி இருக்கும். ஆனால் பழைய மெயிலின் தலைப்பகுதி நான்கு வரியாகக் கீழே வந்து உட்கார்ந்துகொண்டது. யார் அனுப்பியது, யாருக்கு, எந்தத் தேதி எத்தனை மணிக்கு, என்ன விஷயம். அதன் மேல் கர்சரை வைத்துப் பார்த்தேன். அழிக்க முடிகிறது! அந்த நான்கு வரியையும் அழித்தேன். தலைப்புக்கு முன்னால் தானாக ஒட்டிக்கொள்ளும் Fwd என்ற மூன்று எழுத்தையும் எடுத்தேன். இரண்டு தடவை சரிபார்த்து அனுப்பினேன். என் வேலையில் எப்போதும் சுத்தம் உண்டு என்று பெயர் வாங்கியவள் நான்.

விஜயதசமி காலை முதல் சுமை நல்லபடியாக ஏறியது. பதினெட்டாம் லாட் ஹூக்குகளைத்தான் மாட்டியிருந்தார்கள். ஒன்பது மணிக்குக் கம்ப்யூட்டரிலிருந்து மாலையை எடுத்தோம். மெயிலைப் பிரிண்ட் எடுத்துச் சார் மேசையில் வைத்தேன். தேதியைப் பார்த்தார், நேரத்தைப் பார்த்தார், மூலையில் கையெழுத்துப் போட்டார். பின்பக்கம் எழுத ஆரம்பித்தார்.

லேப் முதலாளிக்கு ஒரு புகார். உங்கள் ஆள் ரிப்போர்ட்டை ஒரு நாள் தாமதமாக அனுப்பினார், அதற்குள் சரக்கு சைட்டுக்குப் போய்விட்டது, உயிர்ச்சேதம் ஆகியிருக்கும், இனி உங்களிடம் சாம்பிள் அனுப்புவதா என்பதை யோசிக்க வேண்டியிருக்கிறது. அந்தத் தாளை என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டு வந்து டைப் செய்தேன். அனுப்பினேன். ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை.

பதினோரு மணிக்குச் சுகுமார் கூப்பிட்டான். லேபில் மெயிலை முதலில் திறப்பது அவன்தான், முதலாளிக்கு வந்ததையும் சேர்த்து. கோபமாகக் கத்துவான் என்று எனக்குப் பயம். அவன் கத்தவில்லை.

"அக்கா, சாருக்கு வெசயம் தெரியாது போலக்கீது. நீங்க சொல்ல மறந்துட்டீங்களா? போன மாசமே ஒரு ரிப்போர்ட்டு லேட்டுன்னு ஓனரு கிழிச்சிட்டாரு. இதப் பாத்தாருன்னா வேலையை உட்டே தூக்கிடுவாரு. அவரு சாப்ட்டு வந்து ரெண்டு மணிக்கித்தான் மெயில் பாப்பாரு. அதுக்குள்ள சார்கிட்ட சொல்லிடுங்கக்கா, நீங்கதான் உங்க கண்ணால பாத்தீங்களே."

"சொல்றேம்ப்பா" என்றேன்.

சொன்னேனா? இல்லை. சீட்டில் உட்கார்ந்தேன், எழுந்தேன், தண்ணீர் பிடித்து வந்தேன், சாரின் கதவு வரை போய்த் திரும்பினேன். என் மண்டைக்குள் ஓடியது சுகுமாரின் வேலையே இல்லை. அவன் பெட்டியில் அந்த மூன்று முப்பத்திரண்டு மெயில் இன்னும் இருக்கிறது, முதலாளி கேட்டால் எடுத்துக் காட்டிவிடுவான், அப்போது நான் மாட்டுவேன். ஓடியது அதுதான். அவன் பாஸ்வேர்டு எனக்குத் தெரியும். உள்ளங்கையில் மை அழிந்துவிட்டிருந்தது, ஆனால் மகள் பெயரும் வண்டி நம்பரும் மறக்குமா?

ஆபீஸ் மிஷினிலேயே திறந்தேன். பட்டப்பகலில், பத்தடி தள்ளிச் சார் உட்கார்ந்திருக்க, பிரவுசரில் இன்னொருவன் பெட்டியைத் திறந்து அந்த வரிக்குப் பக்கத்தில் இருந்த சின்னக் கட்டத்தில் டிக் போட்டேன். டெலிட் அரை அங்குலம் தள்ளி இருந்தது. விரல் மவுஸ் மேல் இருந்தது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியவில்லை. பிறகு டிக்கை எடுத்தேன், வெளியே வந்தேன். ஏன் அழிக்கவில்லை என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகத் தெரியாது. நல்ல புத்தி என்று நீங்கள் நினைத்தால் அது உங்கள் பெருந்தன்மை. பயம் தாங்க முடியாத அளவுக்குப் போய்விட்டது, அவ்வளவுதான் என்று நான் நினைக்கிறேன்.

ஒரு மணிக்குச் சார் எதிரில் போய் நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். துடைத்தது, பொய் சொன்னது, நான்கு வரியை அழித்தது, இப்போது டிக் போட்டது வரைக்கும். அவர் எழுதவில்லை. பேனாவை மூடி வைத்தார். எனக்கு அது அதைவிடப் பயமாக இருந்தது.

"உக்காரு. லேபுக்கு இன்னொரு மெயில் எழுது. உன் வார்த்தையிலேயே எழுது" என்றார்.

தாமதம் எங்கள் அலுவலகத்தில் நடந்தது, ரிப்போர்ட் முந்தின நாளே வந்துவிட்டது, அதை அழித்தது நான், சுகுமார் மேல் எந்தத் தவறும் இல்லை என்று எழுதி என் பெயரைப் போட்டேன். ஒன்றே முக்காலுக்கு அனுப்பினேன். சுகுமார் வேலை பிழைத்தது. அதற்குப் பிறகும் போன் செய்வான். மேடம் என்று கூப்பிட ஆரம்பித்திருந்தான். பாஸ்வேர்டை மாற்றிவிட்டான் என்று நினைக்கிறேன், நான் முயன்று பார்க்கவில்லை.

சார் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை, மெயிலை என்னிடமிருந்து பிடுங்கவும் இல்லை. அவர் ரிட்டயர் ஆகும் வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசியதெல்லாம் அன்று மதியம், அந்த இரண்டாவது மெயிலைப் படித்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான்.

"மெயிலை அழிச்சது கவனக்குறைவு. யாருக்கும் வரும். எனக்கும்தான், ரிப்போர்ட் வராம லாரியை அனுப்பினேன். நான் கேக்கறது வேற. பத்தொம்போதாம் லாட்டை அவன் மாட்டியிருந்து, ஹூக்கு ஒடிஞ்சி, கீழ ஒருத்தன் செத்திருந்தா? அப்பவும் அந்த நாலு வரியை அழிச்சிருப்பியா?"

நான் அழுதேன். அழுகையே பதில் என்று அவர் எடுத்துக்கொண்டார், "சரி, போ, மூஞ்சைக் கழுவு" என்றார். ஐயோ, அவ்வளவு பெரிய மனிதர், ஆனால் அந்த ஒரு இடத்தில் ஏமாந்துவிட்டார். இல்லை சார் என்று நான் சொல்ல வந்ததாக அவர் நினைத்தார். நான் அழுதது பதில் தெரிந்துவிட்டதால். ஒருத்தன் செத்திருந்தால் நான் இன்னும் வேகமாக அழித்திருப்பேன்.